நிறுத்தும் சுவிட்சைப் போட்டால் முழு வேகம்: எட்ஜ்டிஎக்ஸ் டிரான்ஸ்மிட்டரில் ஒரு த்ராட்டில் நிகழ்வின் ஆய்வு

என்ஜினை நிறுத்துவதற்கென்றே வைத்திருந்த சுவிட்ச் அது. அதைப் போட்டதும் என்ஜின் முழு வேகத்தில் சீறியது.

ரேடியோவால் இயக்கும் சிறிய மாதிரி விமானம் அது. வால் பக்கம் நான் பிடித்திருந்தேன். சீராக உறுமிக்கொண்டிருந்த விமானம் ஒரே இழுப்பில் என் கையோடு அரை அடி முன்னே போனது. விமானத்தின் சொந்தக்காரர் டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டில் ஸ்டிக்கை, அதாவது என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கோலை, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். ஒரு மாற்றமும் இல்லை. போட்ட சுவிட்சைத் திரும்ப எடுத்துவிட்டால் அடங்கிவிடும் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? நிறுத்தும் சுவிட்சைப் போட்ட பிறகு வேறு எதைத் தொடுவது? கடைசியில் பக்கவாட்டில் குனிந்து எரிபொருள் குழாயை விரலால் கிள்ளினார். இரண்டு மூன்று விநாடியில் என்ஜின் நின்றது. யாருக்கும் அடியில்லை. உடைந்த பொருள் எதுவும் இல்லை. அதனால்தான் இதை நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

"ரெண்டு நாள் முன்னாடி அப்டேட் போட்டேன் பாருங்க தம்பி, அதுதான் எல்லாத்துக்கும் காரணம்" என்றார். அன்று அங்கிருந்த அத்தனை பேரும் தலையாட்டினோம், நான் உட்பட.

விமானமும் கருவியும்

7.5 சிசி க்ளோ என்ஜின் (சூடான இழையால் எரிபொருளைப் பற்றவைக்கும் சிறு என்ஜின்) பொருத்திய, மேல்-இறக்கை வகைப் பயிற்சி விமானம். கார்புரேட்டரைத் திறந்து மூடுவது ஒரு சாதாரண சர்வோ (சொன்ன இடத்துக்குத் தன் கையைத் திருப்பும் சிறு மோட்டார்); அதற்குக் கட்டளை போகும் வழி சேனல் 3. ரிசீவர் டி16 வகை. அதாவது, தொடர்பு அறுந்தால் எந்தச் சேனல் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்ற ஃபெயில்சேஃப் மதிப்புகளை டிரான்ஸ்மிட்டரிலிருந்தே அனுப்பி ரிசீவரில் பதிய வைக்கும் வகை. இந்தக் குறிப்பு பின்னால் தேவைப்படும்.

டிரான்ஸ்மிட்டர் வண்ணத் திரை கொண்டது. அதில் ஓடுவது எட்ஜ்டிஎக்ஸ் என்ற திறந்த ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்), 2.9 வரிசையிலிருந்து 2.10க்கு மாற்றியிருந்தார். அதே வாரத்தில் இன்னொரு வேலையும் நடந்திருந்தது. த்ராட்டில் சர்வோவின் பல்சக்கரம் தேய்ந்துபோனதால் புதிது போட்டார். புதிய சர்வோவின் உடல் கொஞ்சம் பெரிது. பழைய இடத்தில் நேராக உட்காராததால் திருப்பி வைத்து, இழுகம்பியைக் கையின் மறுபக்கத் துளையில் மாட்டினார். திசை தலைகீழானது. டிரான்ஸ்மிட்டரின் அவுட்புட் பக்கத்தில் சேனல் 3ஐ ரிவர்ஸ் செய்தார். சர்வோ எதுவரை போகலாம் என்ற எல்லைகளையும் மறுபடி அளந்து வைத்தார். ஸ்டிக்கைக் கீழே இறக்கினால் ஐடில் (என்ஜின் நிற்காமல் மெதுவாக ஓடும் நிலை), மேலே ஏற்றினால் முழுத் திறப்பு. சரியாக வேலை செய்தது. இதைச் செய்யாதவர் இந்தப் பொழுதுபோக்கில் யாரும் இருக்க முடியாது. அதனாலேயே இதை ஒரு மாற்றமாக அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சந்தேகப் பட்டியலைக் குறைத்தது

எஸ்டி கார்டில் ஒரு விநாடிக்கு ஒரு வரி வீதம் பதிவு எழுதும்படி அவர் எப்போதோ வைத்திருந்தார். அது நல்லதாகப் போயிற்று. ஸ்டிக், சுவிட்ச் நிலைகளோடு ஒவ்வொரு சேனலிலும் கடைசியாக வெளியே போன துடிப்பின் நீளமும் மைக்ரோ விநாடியில் அந்தப் பதிவில் இருக்கும்; சர்வோ எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது அந்த நீளம்தான்.

முதலில் ரேடியோ தொடர்பைப் பார்த்தோம். சிக்னல் வலிமை துளியும் குறையவில்லை. டிரான்ஸ்மிட்டர் பேட்டரி மின்னழுத்தமும் அசையவில்லை.

அடுத்த சந்தேகம் டிரான்ஸ்மிட்டர் நடுவில் செயலிழந்து மறுதொடக்கம் ஆகியிருக்குமோ என்பது. இந்த ஃபர்ம்வேரில் அதற்கு ஓர் அழகான ஏற்பாடு உண்டு. நிரல் சிக்கிக்கொண்டால் காவல் டைமர் செயலியை மறுதொடக்கம் செய்யும். அப்போது வழக்கமான சோதனைகளையெல்லாம் தாண்டி, அவசர நிலை என்ற அறிவிப்போடு நேராகக் கட்டுப்பாட்டை மட்டும் திரும்பக் கொடுக்கும். எஸ்டி கார்டைப் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை என்பதால், வண்ணத் திரைக் கருவிகளில் மாடல் அமைப்பின் (ஒரு விமானத்துக்கு வைத்த எல்லா அமைப்புகளின்) சுருக்கப்பட்ட பிரதி ஒன்று செயலியின் தனி நினைவகத்தில் எப்போதும் இருக்கும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த நிலையில் குரல் வராது, லுவா ஸ்கிரிப்ட் ஓடாது, பதிவும் எழுதாது. நம் பதிவிலோ ஒரு வரிகூட விடுபடவில்லை. ஆக, மறுதொடக்கமும் இல்லை.

மிச்சம் இருந்தது ஒரு வரி. சுவிட்ச் 'நிறுத்து' நிலைக்குப் போன அதே விநாடியில் த்ராட்டில் ஸ்டிக் அடிமட்டத்தில் இருக்கிறது. சேனல் 3 மட்டும் 1817இலிருந்து 988க்குத் தாவியிருக்கிறது. சர்வோ கோளாறு என்ற பேச்சு இதோடு முடிந்தது. 988க்குப் போ என்று டிரான்ஸ்மிட்டரே சொல்லியிருக்கிறது. சர்வோ கேட்ட சொல்லைக் கேட்டது.

மேசையில் மறுபடி

ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு விமானத்தில் செய்து பார்க்கலாம். அதற்கும் முன்னால், கணினியில் எட்ஜ்டிஎக்ஸின் துணையான கம்பேனியன் மென்பொருளைத் திறந்து மாடல் கோப்பை அதன் சிமுலேட்டரில் ஓட்டினோம். ஃபர்ம்வேரின் அதே மூலநிரலைத்தான் அந்த சிமுலேட்டரும் கணினிக்காகத் தொகுத்து ஓட்டுகிறது. எனவே அது போலி இல்லை, அதே மூளைதான்.

சர்வோ அசைவின் சதவீதத்தில் சொன்னால், சுவிட்சை எடுத்த நிலையில் ஸ்டிக் கீழே: சேனல் 3 +62. ஸ்டிக் மேலே: -78. சுவிட்சைப் போட்டதும், ஸ்டிக் எங்கிருந்தாலும்: -100. ரிவர்ஸ் செய்த பிறகு இந்த விமானத்தில் மைனஸ் பக்கம்தான் முழுத் திறப்பு. -78இலேயே கார்புரேட்டர் முழுக்கத் திறந்துவிடும். -100 அதற்கும் அப்பால்.

பிறகு 2.9இல் எடுத்து வைத்திருந்த பழைய பிரதியை, 2.9 சிமுலேட்டரில், சேனலை மட்டும் ரிவர்ஸ் செய்து ஓட்டினோம். அதே -100. அப்டேட் நிரபராதி.

ரிவர்ஸ் செய்வதற்கு முந்தைய எண்களையும் எழுதிப் பார்த்தபோது விஷயம் பளிச்சென்று விளங்கியது. அப்போது ஐடில் -60, முழு வேகம் +80, சுவிட்ச் போட்டால் -100. அதாவது ஐடிலுக்கும் கீழே இறங்கி, கார்புரேட்டரை முழுக்க மூடி, என்ஜினை நிறுத்தும். இரண்டு வருடமாக அந்தச் சுவிட்ச் அப்படித்தான் வேலை செய்து வந்தது. சர்வோவை மாற்றிய பிறகும் அது அனுப்பியது அதே -100, அதே 988 மைக்ரோ விநாடி. அதைச் சுற்றியிருந்த மற்ற எல்லாம் திரும்பிக்கொண்டது. அது மட்டும் திரும்பவில்லை.

ஏன் திரும்பவில்லை

இந்த ஃபர்ம்வேரில் ஒரு சேனலின் மதிப்பு மூன்று படிகளில் உருவாகிறது. இன்புட் என்ற படியில் ஸ்டிக்கின் அசைவு எடுக்கப்படுகிறது. ஸ்டிக் எவ்வளவு கூர்மையாக வேலை செய்ய வேண்டும் என்று வைக்கும் எக்ஸ்போவும் ரேட்டும் இங்கே. மிக்ஸ் என்ற படியில் அவை கூட்டிக் கழிக்கப்பட்டுச் சேனல்களாகின்றன. அவுட்புட் என்ற கடைசிப் படி சர்வோவுக்கும் விமானத்தின் உடலமைப்புக்கும் உரியது: நடுப்புள்ளி, இரு பக்க எல்லை, ரிவர்ஸ். முதல் இரண்டும் பைலட் என்ன நினைக்கிறார் என்ற மொழி. மூன்றாவது, இழுகம்பி எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது என்ற மொழி.

நண்பர் தன் நிறுத்தும் சுவிட்சை இந்த மூன்றிலும் வைக்கவில்லை. ஸ்பெஷல் ஃபங்ஷன் பக்கத்தில் 'ஓவர்ரைடு சேனல் 3, -100' என்று ஒரு வரி போட்டிருந்தார். பலரும் செய்வதுதான், ஒரே வரி, உடனே வேலை செய்யும். -100 என்றால் த்ராட்டில் கீழே என்று அவர் படித்தார். பைலட் மொழியில் அது சரி.

மூலநிரலைத் திறந்தால் பதில் கிடைக்கிறது. மிக்சர் கோப்பில் அப்ளைலிமிட்ஸ் என்றொரு ஃபங்ஷன் உண்டு. எல்லைகளைப் போடுகிறது, நடுப்புள்ளியைச் சேர்க்கிறது, ரிவர்ஸ் இருந்தால் குறியை மாற்றுகிறது. இதெல்லாம் முடிந்த பிறகு, திருப்பி அனுப்புவதற்குச் சற்று முன்னால், ஒரு கேள்வி: இந்தச் சேனலுக்கு ஓவர்ரைடு இருக்கிறதா? இருந்தால், இதுவரை கணக்கிட்டதை எறிந்துவிட்டு அந்த எண்ணையே எடுத்துக்கொள். எனவே ஓவர்ரைடில் எழுதும் -100க்கு 'ஸ்டிக் கீழே' என்ற பொருள் கிடையாது. 988 மைக்ரோ விநாடியை வெளியே அனுப்பு என்பதுதான் பொருள். ரிவர்ஸும் எல்லையும் அதைத் தொடாது.

இது பிழையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இடத்தில் நிரலில் நிற்கும் மாறியின் பெயர் சேஃப்டிசிஎச். பெயருக்குப் பின்னால் ஒரு குடும்ப வரலாறு இருக்கிறது. 9எக்ஸ் என்ற மலிவான டிரான்ஸ்மிட்டருக்காகத் தாமஸ் ஹுஸ்டரர் டிஎச்9எக்ஸ் ஃபர்ம்வேரை எழுதினார். அதிலிருந்து எரெஸ் ரவிவ் இஆர்9எக்ஸை வளர்த்தார். அந்தக் கருவியில் இருந்தது ஏடிமெகா64 செயலி: நிரலுக்கு 64 கிலோபைட், வேலை செய்ய 4 கிலோபைட், மாடல்களைச் சேமிக்க 2 கிலோபைட். ஃபர்ம்வேர் ஏற்ற, உள்ளே பலகையில் கம்பிகளைச் சால்டர் செய்ய வேண்டியிருந்தது. இன்று யூஎஸ்பி மாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்களுக்கு அது புரியாது. இஆர்9எக்ஸில் சேஃப்டி சுவிட்ச் என்றே ஒரு பக்கம் இருந்தது. அங்கேயும் ரிவர்ஸ் முடிந்த பிறகுதான் அந்த மதிப்பு வந்து உட்காரும். பெர்ட்ராண்ட் சோங்கிஸின் ஓப்பன்9எக்ஸ் அதே மரபில் வந்தது. அதுவே ஓப்பன்டிஎக்ஸ் ஆயிற்று. 2013இல் டரானிஸ் டிரான்ஸ்மிட்டர் அதைத் தன்னுள் ஏற்றியே விற்பனைக்கு வந்தது. 2021இல் ஓப்பன்டிஎக்ஸிலிருந்து எட்ஜ்டிஎக்ஸ் கிளை பிரிந்தது. எல்லாம் ஜிபிஎல் என்ற திறந்த மூலநிரல் உரிமத்தின் கீழ். இன்றும் ஒவ்வொரு மூலக் கோப்பின் தலையிலும் ஓப்பன்டிஎக்ஸ், டிஎச்9எக்ஸ், இஆர்9எக்ஸ், க்ரூவின்9எக்ஸ் என்று முன்னோர் பெயர்கள் நிற்கின்றன.

பயனர் திரையில் சேஃப்டி என்ற சொல் காலப்போக்கில் ஓவர்ரைடு ஆகிவிட்டது. அது சரியான மாற்றம் என்பேன். சேஃப்டி என்பது ஒரு வாக்குறுதி. ஓவர்ரைடு என்பது இது செய்யும் வேலையை மட்டும் சொல்கிறது. என்ன கலந்தாலும், எந்த மிக்ஸ் குழம்பினாலும், கடைசிச் சொல் இதற்குத்தான் என்பதில் இதன் பலம் இருக்கிறது. மின்மோட்டார் வைத்த விமானத்தில், சேனலை ரிவர்ஸ் செய்யாத அமைப்பில், அந்தப் பிடிவாதம்தான் தேவை. இதை மாற்றி எழுதினால், இப்போது இதை நம்பி ஓட்டிக்கொண்டிருப்பவர்களின் எண்கள் ஒரே இரவில் வேறு பொருள் கொள்ளும். அதைவிட ஆபத்து வேறில்லை.

கேட்டும் கேளாத சத்தம்

எச்சரிக்கைகள் ஏன் எதுவும் சொல்லவில்லை என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. டிரான்ஸ்மிட்டரை இயக்கும்போது த்ராட்டில் ஐடிலில் இல்லை என்றால் கத்தும். சுவிட்சுகள் குறித்த நிலையில் இல்லை என்றாலும் கத்தும். ஆனால் அவர் அமைப்பில் முதலாவது பார்ப்பது ஸ்டிக்கை, இரண்டாவது பார்ப்பது சுவிட்சை. ஸ்டிக் கீழே இருந்தது. சுவிட்ச் 'நிறுத்து' நிலையில் இருந்தது. இரண்டு காவலாளிகளும் திருப்தியாக வழிவிட்டார்கள். அந்த நேரத்தில் கார்புரேட்டர் அகலத் திறந்து கிடந்தது. என்ஜின் ஓடாததால் யாரும் அதன் வாய்க்குள் பார்க்கவில்லை.

சர்வோ மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. சுவிட்ச் போட்ட நிலையில் அது மெல்ல ரீங்காரமிட்டது. எல்லையைத் தாண்டி -100க்குத் தள்ளியதில், கார்புரேட்டர் உருளை தடுப்பில் முட்ட, சர்வோ அதற்கு மேலும் தள்ளிக்கொண்டே இருந்த சத்தம் அது. நண்பரைக் கேட்டால், "பழைய சர்வோவும் அப்படித்தான் கத்தும், அதான் பல்லு தேஞ்சு போச்சு" என்றார். உண்மைதான். முன்பும் -60 எல்லையைத் தாண்டி -100க்குத்தான் அது தள்ளப்பட்டது. அப்போது மூடும் பக்கத் தடுப்பில். பழைய சர்வோ தேய்ந்ததற்கே இந்த வரி ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். எல்லை போட்ட சேனல் அந்த எல்லையைத் தாண்டித் தள்ளுகிறது என்றால், எல்லையைக் கேட்காத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. இரண்டு வருடமாக விடை கையில் இருந்தது.

இதைவிட மோசமான கண்டுபிடிப்பு

சுவிட்சைப் பற்றிய ஆய்வு இங்கே முடிந்திருக்கும். எழுந்து போகும் முன் ஃபெயில்சேஃப் பக்கத்தைத் திறந்தேன். கஸ்டம் முறை. சேனல் 3இல் -60.

ஃபெயில்சேஃப் மதிப்புகளும் அவுட்புட்டின் வெளிப்பக்க மதிப்புகள்தான். ஸ்டிக்குகளை வேண்டிய இடத்தில் வைத்து, அப்போது வெளியே போகும் எண்களைப் படம் பிடித்தாற்போல் பதிவு செய்கிறோம். பிறகு ரிவர்ஸ் செய்தால் படம் மாறாது. இரண்டு வருடம் முன்பு -60 என்பது ஐடில், 1193 மைக்ரோ விநாடி. இப்போதைய அமைப்பில் ஐடில் 1817, முழு வேகம் 1101. இவற்றுக்கு நடுவே 1193 விழும் இடம் ஏறத்தாழ 87 சதவீத த்ராட்டில்.

அதாவது, வானத்தில் தொடர்பு அறுந்திருந்தால் விமானம் ஐடிலுக்கு இறங்கி அருகிலேயே விழுந்திருக்காது. கிட்டத்தட்ட முழு வேகத்தில், எரிபொருள் தீரும்வரை, யார் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் போயிருக்கும். சுவிட்ச் தரையில் காட்டிக்கொடுத்ததால் இது வெளியே வந்தது. சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்திருந்தால் இந்தப் பக்கத்தை நான் திறந்திருக்கவே மாட்டேன்.

சரிசெய்தது

ஓவர்ரைடை எடுத்துவிட்டு, மிக்ஸ் பக்கத்தில் சேனல் 3இன் கடைசி வரியாக ஒன்றைச் சேர்த்தோம்: மூலம் மேக்ஸ் (எப்போதும் முழு மதிப்பு), எடை -100, சுவிட்ச் அதே சுவிட்ச், சேர்க்கும் முறை ரீப்ளேஸ். மேலுள்ள வரிகளையெல்லாம் அழித்துவிட்டுத் தன் மதிப்பை வைக்கும். ஆனால் அவுட்புட்டுக்கு உள்ளே நிற்பதால் ரிவர்ஸும் எல்லையும் இதற்கும் பொருந்தும். இனி சர்வோவை எப்படித் திருப்பி மாட்டினாலும், அவுட்புட்டைச் சரிசெய்தால் இதுவும் கூடவே திரும்பும்.

செய்து பார்த்தால் என்ஜின் நிற்கவில்லை, ஐடிலில் ஓடியது! யோசித்தால் அதுவும் சரிதான். எல்லையே ஐடிலில் வைக்கப்பட்டிருந்தது. எல்லையை மதிக்கும் வரி அதற்குக் கீழே எப்படிப் போகும்? பழைய ஓவர்ரைடு என்ஜினை நிறுத்தியதே எல்லையை மீறியதால்தான். இரண்டு தவறுகள் சேர்ந்து ஒரு சரியான வேலையைச் செய்துகொண்டிருந்தன.

எனவே எல்லையை அதன் உரிய இடத்துக்கு நகர்த்தினோம். ஒரு பக்க எல்லை கார்புரேட்டர் முழுக்க மூடும் இடம்: -84. ரிவர்ஸுக்குப் பிறகு வெளியே 1930 மைக்ரோ விநாடி. சர்வோ தடுப்பைத் தொடுவதற்குச் சற்று முன்னால், சத்தமில்லாமல். ஐடிலை எல்லையால் வைக்காமல் த்ராட்டில் ட்ரிம்மால் (ஸ்டிக்கின் மதிப்பைச் சிறிது சிறிதாகத் திருத்தும் பொத்தானால்) வைத்தோம். ட்ரிம் ஐடிலை மட்டும் பாதிக்கும்படி மாடல் அமைப்பில் ஒரு தேர்வு உண்டு; அதைப் போட்டதும் முழு வேகப் பக்கம் அசையாமல் நின்றது. மேக்ஸ் என்பது மாறிலி, அதற்கு ட்ரிம் இல்லை. ஆகவே சுவிட்ச் போட்டால் ட்ரிம்மைத் தாண்டி நேராக மூடும் இடத்துக்குப் போகிறது. க்ளோ என்ஜினுக்கு இதுதான் பழங்காலத்திலிருந்து சரியான ஒழுங்கு. ஓவர்ரைடின் சௌகரியத்தில் அதை மறந்துவிட்டோம்.

ஃபெயில்சேஃபை ஐடிலில் வைத்துப் புதிதாகப் பதிந்தோம். என்ஜின் ஓடாத நிலையில் டிரான்ஸ்மிட்டரை அணைத்து, கார்புரேட்டர் வாயைக் கண்ணால் பார்த்தோம். திரையில் தெரியும் எண்ணை நம்பி எழுந்துவிடவில்லை.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ரிவர்ஸ் செய்யும்போது, அந்தச் சேனலுக்கு ஓவர்ரைடோ கஸ்டம் ஃபெயில்சேஃபோ இருந்தால் ஃபர்ம்வேரே ஒரு வரி எச்சரிக்க வேண்டும் என்பது நண்பரின் கட்சி. ஏற்கெனவே இத்தனை எச்சரிக்கைகள். இன்னொன்று வந்தால் படிக்காமல் என்டரைத் தட்டுவோம் என்பது என் கட்சி. திறந்த நிரல் என்பதால் அவர் கோரிக்கையாக எழுதி அனுப்பலாம், அல்லது தாமே எழுதிச் சேர்க்கவும் செய்யலாம். எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்றிரவு அவருடைய எஸ்டி கார்டில் இருந்த மற்ற மாடல் கோப்புகளையும் பார்த்தோம். எட்ஜ்டிஎக்ஸ் மாடல்களை யாமல் என்ற எழுத்துக் கோப்பாக வைப்பதால், ஓவர்ரைடு வரியும் ரிவர்ஸ் செய்த சேனலும் ஒரே கோப்பில் எங்கே சேர்ந்து வருகின்றன என்று சாதாரண எடிட்டரிலேயே தேட முடிந்தது. 14 மாடல்களில் இன்னும் ஒன்று சிக்கியது, அடுத்த வாரம் பறப்பதற்காகத் தயார் செய்து வைத்திருந்த பெட்ரோல் என்ஜின் விமானம்.